ரோமானியர் வருமுன்பே ஆளொழிந்த கெல்டிக் கோட்டையூர்கள்: முற்றுகைதான் காரணமா?

வைகைக்கரை

ரோமானியப் படையெடுப்பில் கெல்டிக் கோட்டைகள் அழிந்தன என்ற ஒரே வரியோடு தமிழில் இந்த விஷயம் முடிந்துவிடுகிறது. காலவரிசையை எடுத்து வைத்துப் பார்த்தால் அந்த வரி பல இடங்களில் நிற்கவில்லை.

ஜெர்மனியின் பவேரியாவில் மான்ஷிங். 380 ஹெக்டேர், 7.2 கிலோமீட்டர் மதில். ரோமானியத் தளபதிகள் ட்ரூசஸும் டைபீரியஸும் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி அந்தப் பக்கம் வந்தது கி.மு. 15இல். அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே ஊர் காலி. பிரான்சின் பர்கண்டியில் பிப்ராக்டே. ஈடுயி மக்களின் தலைமை ஊரான அதை யாரும் முற்றுகையிடவே இல்லை. சீசர் கி.மு. 52-51 குளிர்காலத்தை அங்கேயே கழித்தார். அங்குள்ள மிகப் பெரிய வீடுகள் ரோமானிய வெற்றிக்குப் பிறகு எழுந்தவை. அப்படிப்பட்ட ஊரும் ஒரு தலைமுறைக்குள் வெறிச்சோடிப் போனது.

சீசர் ஓப்பிடம் என்று எழுதும் இந்த ஊர்கள் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் எழுந்து 1ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன. மூன்று, நான்கு தலைமுறை வாழ்க்கைதான். ஏன்? மதில், காசு, வணிகம், காலக்கணிப்பு இவற்றில் பழக்கம் உள்ளவர்கள் விரிவாக எழுதுங்கள். இந்த இழையில் ஹாய்னெபுர்க் போன்ற கி.மு. 6ஆம் நூற்றாண்டுக் கோட்டைகளைக் கலக்க வேண்டாம். அவை வேறு காலம், அவற்றின் முடிவும் வேறு.

மதில்நோக்கி

முதலில் நிலத்தை மூன்றாகப் பிரித்துக்கொண்டால்தான் பேச முடியும்.

தெற்கு கால். கால் என்பது ஏறத்தாழ இன்றைய பிரான்ஸ், ரோமானியர் காலியா என்றார்கள். அதன் தெற்கு மத்தியதரைக் கடலோரம். இங்கே கதை சீக்கிரமே தொடங்குகிறது. இன்றைய எக்ஸ் நகரத்துக்கு மேலே இருக்கும் ஆந்த்ரெமோன், சால்லுவி மக்களின் ஊர். 3.5 ஹெக்டேர்தான். ரோமானியத் தளபதி செக்ஸ்டியஸ் கால்வினஸ் அதைப் பிடித்துவிட்டு கி.மு. 122இல் கீழே அக்வே செக்ஸ்டியே என்ற ஊரை நிறுவினார். ஆந்த்ரெமோனில் கவண்கற்கள் கிடைத்திருக்கின்றன, ஆகவே தாக்குதல் உண்மை. ஆனால் அன்றோடு ஊர் முடிந்துவிடவில்லை. இன்னும் ஒரு தலைமுறைக் காலம் மலைமேல் ஆட்கள் இருந்தார்கள்.

அடுத்தது நடு கால். சீசர் கி.மு. 58 முதல் 51 வரை போரிட்ட பகுதி. இங்கே சில ஊர்கள் போரில் அழிந்தன. பெரும்பாலானவை போரைத் தாண்டி வாழ்ந்து, முதல் ரோமானியப் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் காலியாயின.

மூன்றாவது ரைனுக்குக் கிழக்கே, டான்யூப் கரை, இன்றைய செக் நாட்டின் பொஹிமியா, மொராவியா. மான்ஷிங், கெல்ஹைம், ஹைடன்கிராபன், ஸாவிஸ்ட், ஸ்ட்ராடோனிட்ஸே, ஸ்டாரே ஹ்ராடிஸ்கோ எல்லாம் இங்கே. ரோமானியப் படை வரும்போது வரவேற்கவும் ஆளில்லை, எதிர்க்கவும் ஆளில்லை. ஜெர்மானிய இனமான மார்கோமன்னியின் அரசன் மரோபொடூஸ் தன் மக்களோடு பொஹிமியாவில் குடியேறியது கி.மு. 9க்குப் பிறகு. அப்போது அந்தக் கோட்டையூர்கள் ஏற்கெனவே பாழ்.

மூன்றுக்கும் ஒரே காரணம் சொன்னால் ஏதோ ஒரு பக்கம் இடிக்கும்.

செங்கோடன்

முற்றுகையை ஒதுக்கிவிடாதீர்கள். அவாரிக்கம் என்ன ஆனது? கி.மு. 52இல் சீசரை எதிர்த்த கால் மக்களின் தலைவன் வெர்சிஞ்செடோரிக்ஸ் சொன்னபடி பிடூரிகே மக்கள் ஒரே நாளில் இருபதுக்கும் மேற்பட்ட தங்கள் ஊர்களுக்குத் தீ வைத்தார்கள், ரோமானியருக்குத் தானியம் கிடைக்கக் கூடாது என்று. அவாரிக்கத்தை மட்டும் கெஞ்சிக் காப்பாற்றினார்கள். சீசர் 25 நாளில் 330 அடி அகலமும் 80 அடி உயரமும் உள்ள மண்மேட்டை எழுப்பினார். உள்ளே இருந்த சுமார் 40,000 பேரில் தப்பியவர் 800 என்பது அவர் கணக்கு. கி.மு. 51இல் உக்செல்லோடூனத்தில் மதிலைத் தொடவே இல்லை. ஊற்று நீருக்குப் போகும் வழியில் மேடும் பத்து அடுக்குக் கோபுரமும் கட்டி அம்பு மழை பொழிந்தார்கள். அதே நேரம் நிலத்தடியில் சுரங்கம் தோண்டி ஊற்றின் நரம்புகளையே திருப்பிவிட்டார்கள். சரணடைந்தவர்களில் ஆயுதம் ஏந்தியவர்களின் கைகள் வெட்டப்பட்டன. இப்படிப்பட்ட போருக்குப் பிறகு கோட்டைமேல் யாருக்கு நம்பிக்கை இருக்கும்?

மதில்நோக்கி

செங்கோடன், நீங்கள் எடுத்த உதாரணமே என் பக்கம் பேசுகிறது. அவாரிக்கம் இன்றைய பூர்ஷ். அத்தனை பேர் இறந்த பிறகும் அதே இடத்தில் ரோமானிய நகரம் வந்தது, இன்றுவரை ஊர் இருக்கிறது. முற்றுகைக்கு ஆளான அலேசியாவும் கைவினைஞர் ஊராகப் பல நூற்றாண்டு வாழ்ந்தது. முற்றுகையே காணாத பிப்ராக்டே காலியானது. சீசரை விரட்டியடித்த ஜெர்கோவியா, 46 நூற்றுவர் தலைவர்களும் 700 பேருக்குச் சற்றுக் குறைவான வீரர்களும் விழுந்த இடம், அதுவும் காலியானது. அந்த ஆர்வெர்னி மக்களின் புதிய தலைநகர் கீழே அகஸ்டோனெமெட்டம், இன்றைய கிளெர்மோன்-ஃபெரான். வென்ற ஊர் மறைகிறது, எரிந்த ஊர் நிலைக்கிறது. போரின் முடிவை மட்டும் வைத்துக்கொண்டு இந்த முறையை விளக்கவே முடியாது.

தச்சன்மகள்

மதில் எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிந்தால் பாதி விடை அதிலேயே இருக்கிறது.

மேற்கே பரவலாக இருந்தது கால் மதில் எனப்படும் வகை. சீசரே அவாரிக்கம் பகுதியில் செய்முறை எழுதியிருக்கிறார். மதிலின் நீளவாட்டுக்குக் குறுக்காக உத்தரங்களைத் தரையில் கிடத்துவார்கள், இரண்டு உத்தரங்களுக்கு நடுவே 2 அடி இடைவெளி. உட்புறம் அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து, மேலே மண் கொட்டி மூடுவார்கள். வெளிமுகத்தில் உள்ள இடைவெளியில் பெரிய கற்களை இறுக்கி அடைப்பார்கள். அதன்மேல் அடுத்த வரிசை, உத்தரம் உத்தரத்தைத் தொடாதபடி நடுவில் கல். மதில் உயரும்வரை இப்படியே. தீயைக் கல் தடுக்கும், இடிதூலத்தை மரம் தாங்கும் என்கிறார். உத்தரங்கள் பெரும்பாலும் 40 அடி என்றும் சொல்கிறார். அகழாய்வுகளில் பெரும்பாலும் இதைவிடக் குட்டையான தடங்கள்தான் கிடைக்கின்றன.

அவர் எழுதாமல் விட்டது ஆணி. குறுக்கு உத்தரமும் நெடுக்கு உத்தரமும் சந்திக்கும் இடத்தில் 20 முதல் 30 செ.மீ. நீள இரும்பு ஆணியை அடித்து இறக்கியிருக்கிறார்கள். மரம் மட்கி மண்ணான பிறகும் ஆணிகள் அந்தந்த இடத்திலேயே வரிசை கலையாமல் நிற்கும். வெட்டுக்குழியின் சுவரில் சம இடைவெளியில் துருக்கறைகள் தெரிந்தால், மரமே இல்லாவிட்டாலும் மதில் என்ன வகை என்று சொல்லிவிடலாம்.

ஒரு தோராயக் கணக்கு. பிப்ராக்டேயின் உள்மதில் சுமார் 5 கி.மீ. உத்தரம் 1 அடி கனம், இடைவெளி 2 அடி என்றால் 90 செ.மீ.க்கு ஒன்று. வரிசைக்கு சுமார் 5,500. மதில் 4 மீட்டர் உயரம், நான்கு வரிசை என்று வைத்தால் 22,000 உத்தரம். ஒவ்வொன்றும் 5 மீட்டர் நீளமாக இருந்தால் குறுக்கு உத்தரங்களுக்கு மட்டுமே ஏறத்தாழ 10,000 கன மீட்டர் மரம். 25 செ.மீ. நீளம், 1 செ.மீ. சதுரக் கனம் உள்ள ஆணி சுமார் 200 கிராம். உத்தரத்துக்கு இரண்டு வீதம் 44,000 ஆணி, கிட்டத்தட்ட 9 டன் இரும்பு. அந்த இரும்பை உருக்கி அடிக்க அதன் எடையைப் போலப் பல மடங்கு மரக்கரி வேண்டும். கரிக்கு மறுபடி காடு.

கெடுவது எங்கே? வெளிமுகத்தில் உத்தரத்தின் முனை மழைக்கும் வெயிலுக்கும் நேராக நிற்கிறது. பின்பக்கம் மண்சரிவு அணைத்திருப்பதால் ஈரம் வடிவதில்லை. மேலிருந்து இறங்கும் நீர் மரத்தின் வழியாகவே உள்ளே போகும். முனை மட்கினால் குழி விழும், மேலே உள்ள கல் இறங்கும், முகம் வெளியே தள்ளும். ஓர் உத்தரத்தை மட்டும் உருவி மாற்ற முடியாது, மேலே உள்ள அத்தனையும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே பழைய மதிலை அப்படியே விட்டு, அதற்கு முன்னால் புது முகத்தை எழுப்புவார்கள். முப்பது, நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை இந்த வேலை வந்தே தீரும்.

கிழக்கே இன்னொரு வகை. நிலத்தில் ஒன்று, இரண்டு மீட்டர் இடைவெளியில் செங்குத்துத் தூண் நட்டு, நடுவே கல் அடுக்குவது. கெல்ஹைமில் இந்த வகை. ஆணிச் செலவு மிச்சம். ஆனால் தூண் தரைமட்டத்தில் மட்கும், அதற்குமேல் முழு முகமும் ஆட்டம் காணும். மான்ஷிங்கில் முதல் மதில் கால் வகை, அதன் முன்னால் எழுந்த அடுத்த இரண்டும் தூண் வகை. கிழக்கு வாயிலின் மரம் ஒன்று மர வளையக் கணக்கில் கி.மு. 105ஐக் காட்டுகிறது. அந்த வாயில் பின்னால் எரிந்தது, மறுபடி கட்டப்படவில்லை.

என்னைப் பொறுத்தவரை ஒரு கோட்டையூரின் வீழ்ச்சியை எதிரி வந்த ஆண்டில் தேடக் கூடாது. அடுத்த முறை பழுது பார்க்க வேண்டிய காலம் வந்தும் யாரும் பார்க்காமல் விட்ட ஆண்டில் தேட வேண்டும்.

வைகைக்கரை

அருமையான பதிவு. இத்தனை மரத்தையும் ஆட்களையும் திரட்டியது யார்? அரசன் இல்லாத இடங்கள்கூட இருந்தனவே.

காசுப்பெட்டி

பிரபுக்கள்தான். அவர்கள் கையில் பணம் எப்படி வந்தது என்று பாருங்கள். ஈடுயி பிரபு டும்னோரிக்ஸ் தன் நாட்டின் சுங்கத்தையும் மற்ற வரிகளையும் பல ஆண்டுகளாக மலிவாகக் குத்தகைக்கு எடுத்து வைத்திருந்தார், அவர் ஏலம் கேட்டால் எதிராகக் கேட்க யாருக்கும் துணிவில்லை என்று சீசரே எழுதுகிறார். அந்தப் பணத்தில் சொந்தக் குதிரைப்படை. ஈடுயிக்கும் அண்டை மக்களான செக்குவானிக்கும் பகை முற்றியது சோன் ஆற்றுச் சுங்கம் யாருக்கு என்பதில்தான் என்கிறார் பண்டைய புவியியல் எழுத்தாளர் ஸ்ட்ராபோ.

சுங்கம் எதன்மேல்? முக்கியமாக ஒயின்மேல். டிரெஸ்ஸல் 1 வகை ஆம்போரா சாடி வெறுமையாகவே சுமார் 25 கிலோ, அதில் பிடிப்பதும் ஏறத்தாழ 25 லிட்டர். ஏற்றும் எடையில் பாதி வெறும் மண்பாண்டம். அதை வண்டியில் மலையேற்றினால் கட்டுப்படியாகாது, ஆற்றில் படகுதான். தெற்கு பிரான்ஸ் கடலோரம் மூழ்கிக் கிடந்த மத்ராக் த ஜியான் கப்பலில் மட்டும் 6,000க்கும் மேற்பட்ட சாடிகள், அது கி.மு. 75-60 காலத்தது. பிப்ராக்டேயில் தோண்டும் இடமெல்லாம் இந்தச் சாடித் துண்டு. ஒரு சாடி ஒயினுக்கு ஓர் அடிமை கொடுப்பார்கள் என்று பண்டைய வரலாற்றாசிரியர் டியோடோரஸ் எழுதியது மிகைதான் என்றாலும், இத்தாலிக்குத் திரும்பிப் போனது என்ன என்பதைக் காட்டுகிறது.

காசும் அதே திசையைக் காட்டுகிறது. ஈடுயி, செக்குவானி, லிங்கோனே மூவரும் ரோமானிய வெள்ளி தெனாரியஸில் பாதி எடை வருமாறு, 2 கிராமுக்குச் சற்றுக் குறைவாக வெள்ளிக்காசு அடித்தார்கள். படையெடுப்புக்கு முன்பே அவர்கள் சந்தை ரோமோடு பிணைந்துவிட்டது.

பிரபு தன் ஆதரவாளர்களுக்கு விருந்து வைப்பான், காசு கொடுப்பான், பதிலுக்கு அவர்கள் படைக்கு வருவார்கள், மதிலுக்குக் கல் சுமப்பார்கள். சுங்கமும் ஒயினும் நின்றால் இந்தச் சங்கிலி முழுக்க அறுந்துவிடும்.

வன்னிப்பார்வை

காசுப்பெட்டி சொன்னதைக் கிழக்குப் பக்கத்துக்கும் நீட்டிப் பார்க்க வேணும். மான்ஷிங் டான்யூபின் பழைய கிளை ஒன்றின் ஓரத்தில் இருந்த சந்தை. ஸ்டாரே ஹ்ராடிஸ்கோ பால்டிக் அம்பர் வரும் பாதையில் இருந்தது. தங்கள் வயலை மட்டும் நம்பி இத்தனை பேர் ஒரே இடத்தில் இருக்க ஏலாது, தூரத்துச் சரக்கு வந்தால்தான் ஊர் ஓடும்.

கி.மு. 1ஆம் நூற்றாண்டில் அந்தப் பாதைகள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. கி.மு. 70களில் ஜெர்மானியத் தலைவன் அரியோவிஸ்டஸ் ரைனைத் தாண்டி செக்குவானி நிலத்தில் அமர்கிறான். கி.மு. 58இல் இன்றைய சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த ஹெல்வெட்டியர் தங்கள் 12 கோட்டையூர்களையும் 400 சிற்றூர்களையும் தாங்களே எரித்துவிட்டுப் புறப்படுகிறார்கள். டான்யூபில் டேசிய அரசன் புரெபிஸ்டா, கெல்டிக் இனமான போயி மக்களை நொறுக்குகிறான். அதன் பிறகு அந்த நிலத்துக்குப் போயி பாலை என்ற பெயரே வந்தது. மேற்கே சீசரின் போர். எந்தத் திசையிலிருந்தும் சரக்கு ஒழுங்காக வராது.

மான்ஷிங்கின் கடைசிக் கட்டத்தைப் பார்த்தால் ஊர் சுருங்குவது தெரிகிறது. பழைய உலோகத் துண்டுகளைச் சேர்த்துத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். ஒருகாலத்தில் அங்கே கிடைத்த மனித எலும்புகளை வைத்து கி.மு. 15இல் ரோமானியர் செய்த படுகொலை என்று எழுதினார்கள். பிறகு அந்த எலும்புகள் வெவ்வேறு காலத்தவை, இறந்தவர்களின் உடலைக் கையாண்ட சடங்கோடு சேர்ந்தவை என்று தெளிவானது. படுகொலைக் கதை விழுந்தவுடன் ஊரின் முடிவுத் தேதியும் இன்னும் முந்தைய காலத்துக்குப் போனது.

செங்கோடன்

சரி, அந்தத் தேதியை எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்? ஊர் காலியான ஆண்டு எழுதி வைக்கப்படவில்லையே.

மண்ணடுக்கு

எழுதி வைக்கப்படவில்லை. ஆனால் நான்கு சாட்சிகளை ஒன்றோடொன்று உரசிப் பார்க்கலாம்.

மர வளையம்தான் மிக நுட்பமானது. மரப்பட்டைக்கு அடியில் உள்ள கடைசி வளையம் கிடைத்தால் வெட்டிய ஆண்டே தெரியும். தச்சர் வெளிமரத்தைச் செதுக்கி எறிந்திருந்தால் அந்த வளையங்கள் போய்விடும், அப்போது கிடைப்பது இந்த ஆண்டுக்கு முன்பு வெட்டவில்லை என்ற எல்லை மட்டுமே. பழைய கட்டடத்து மரத்தை எடுத்துப் புதிதில் வைத்திருந்தாலும் உண்மையைவிடப் பழைய தேதிதான் கிடைக்கும். அதோடு, மரம் கட்டிய தேதியைத்தான் சொல்லும், விட்டுப்போன தேதியைச் சொல்லாது.

அடுத்தது உடைகளைக் கோத்த ஊசிகள். நவ்ஹைம் வகை ஊசி கி.மு. 120 அளவில் தொடங்கி அடுத்த நூற்றாண்டின் முதல் பாதி வரை நிறையப் புழங்கியது. பிப்ராக்டேயில் அதைச் செய்த பட்டறையே கிடைத்திருக்கிறது. அதற்குப் பிந்திய வகைகள் ஓர் ஊரில் இல்லையென்றால் அங்கே ஆள் நடமாட்டம் எப்போது குறைந்தது என்று ஊகிக்கலாம்.

மூன்றாவது பானை. டிரெஸ்ஸல் 1 சாடி மட்டும் இருந்து, இத்தாலியின் அரெட்டியத்துச் சிவப்புப் பளபளப்புப் பாண்டம் ஒரு துண்டுகூட இல்லாத ஊர், அகஸ்டஸ் காலத்துக்கு முன்பே முடிந்திருக்க வாய்ப்பு அதிகம். இந்தப் பாண்டம் நமக்கு அந்நியமில்லை. 1945இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அரிக்கமேட்டின் காலத்தை நிர்ணயிக்கப் பிடித்துக்கொண்டதும் இதே அரெட்டியத் துண்டுகளைத்தான். புதுச்சேரிக் கடற்கரையிலும் பர்கண்டி மலையிலும் ஒரே பாண்டம் ஒரே வேலையைச் செய்கிறது.

நான்காவது காசு. இதில் கவனம் வேண்டும். வெள்ளிக்காசு பல பத்தாண்டு கை மாறும். தனிக் காசை நம்பக் கூடாது, தெருவிலும் தரையிலும் தொலைந்த சில்லறைகளை மொத்தமாகப் பார்க்க வேண்டும். புதைத்து வைத்த பொற்குவியலும் புதைத்த நாளைத்தான் சொல்லும். மான்ஷிங்கில் 1999இல் கிடைத்த 483 தங்கக் காசுகள் இதற்கு உதாரணம், அவை ஊரின் கடைசி நாளைக் காட்டுவதில்லை.

இத்தனைக்கும் மேல் ஒரு பொதுவான சிக்கல் இருக்கிறது. கடைசியாக வாழ்ந்தவர்களின் தரைதான் மேலே இருக்கிறது. உழவில் முதலில் அழிவது அதுதான். மான்ஷிங்கில் 1936-38இல் விமானத்தளம் கட்டியபோது பெரும்பகுதி போய்விட்டது. மேல் அடுக்கு இல்லாத இடத்தில் ஊர் உண்மையில் முடிந்ததைவிட முன்பே முடிந்ததுபோலத் தோன்றும். குழிகளிலும் கிணறுகளிலும் விழுந்த பொருளைத் தனியாகக் கணக்கிட்டால்தான் இந்தப் பிழையைச் சரிசெய்ய முடியும்.

ஆற்றுப்படை

பிப்ராக்டே பற்றி இன்னும் யாரும் முழுதாக எழுதவில்லை. இந்தக் கேள்விக்கு அதைவிடத் தெளிவான ஊர் கிடையாது.

இடம் போவ்ரே மலை, உச்சி 821 மீட்டர். முதலில் சுமார் 200 ஹெக்டேரை வளைத்த வெளிமதில், பிறகு 135 ஹெக்டேருக்குச் சுருங்கிய உள்மதில். ரெபூ வாயிலின் திறப்பு 20 மீட்டர் அளவு அகலம், உள்நோக்கி மடங்கிய இரு மதில் கைகளுக்கு நடுவே. எதிரியைத் தடுப்பது மட்டும் நோக்கமானால் அவ்வளவு அகலமாக யாரும் வைக்க மாட்டார்கள். வருகிறவன் கண்ணுக்கு எங்கள் பெருமை தெரியட்டும் என்று வைத்தது. வாயிலை ஒட்டிய பள்ளத்தில் இரும்பு, வெண்கலம், எனாமல் பட்டறைகள்.

கி.மு. 52இல் வெர்சிஞ்செடோரிக்ஸைத் தலைவனாக உறுதிசெய்த கூட்டம் இங்கேதான் நடந்தது. தோல்விக்குப் பிறகு ரோம் இந்த ஊரைத் தண்டிக்கவில்லை. ஈடுயி பழைய நட்பு நாடு, அவர்கள் கைதிகளையும் சீசர் திருப்பிக் கொடுத்தார். அடுத்த சில ஆண்டுகளிலேயே ஊர் நடுவில் தூண் வரிசையோடு ரோமானிய முறைப் பொதுமண்டபம் கல்லில் எழுகிறது. பிறகு முற்றம், நீர்த்தொட்டி, கழிவுநீர்க் கால்வாய் எல்லாம் உள்ள மாளிகை வருகிறது. அது வளர்ந்து வளர்ந்து 3,500 சதுர மீட்டரைத் தாண்டுகிறது. கெல்டிக் மலையூரின் உச்சியில் இத்தாலியப் பிரபு வீடு! சொந்த விருப்பத்தோடு கட்டியது.

பிறகு கி.மு. 15 அளவில் சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, அர்ரூ ஆற்றங்கரையில் அகஸ்டோடூனம் பிறக்கிறது, இன்றைய ஓதன். நேர்த்தெருக்கள், 6 கி.மீ. கல் மதில், லியோனிலிருந்து வடக்குக் கடற்கரைக்குப் போகும் அக்ரிப்பா சாலை ஊருக்குள்ளேயே. மாளிகைக்காரர்கள் முதலில் இறங்குகிறார்கள். பதவி அங்கே, நீதிமன்றம் அங்கே, வரிக்கணக்கு அங்கே. வாடிக்கையாளர் போனபின் பட்டறைக்காரன் மலைமேல் எதற்கு இருப்பான்? கி.பி. 21இல் ஈடுயி பிரபு சாக்ரோவிர் கலகம் செய்தபோது அகஸ்டோடூனத்தைப் பிடித்ததற்கு ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் சொல்லும் காரணத்தைக் கவனியுங்கள்: காலியாவின் பிரபு வீட்டுப் பிள்ளைகள் அங்கே படித்துக்கொண்டிருந்தார்கள், அவர்களைப் பிணையாக வைக்கலாம். ஒரு தலைமுறைக்குள் படிப்பும் அங்கே போய்விட்டது.

மலைமேல் மிஞ்சியது வழிபாடும் சந்தையும். இடைக்காலத்திலும் மே மாதத்தில் அங்கே சந்தை கூடியது.

தச்சன்மகள்

இதில் கூலி, மரக் கணக்கையும் சேருங்கள். புது ஊரின் மதில் கல்லும் சுண்ணாம்பும். பழுதுச் சுழற்சி முப்பது ஆண்டு இல்லை, நூறாண்டுக் கணக்கு. ஓதனில் அர்ரூ வாயிலும் சேன் ஆந்த்ரே வாயிலும் இன்றும் நிற்கின்றன. அதே பிரபு தன் செல்வத்தை மரமதிலில் போட்டால் பேரன் காலத்தில் மட்கிவிடும். மண்டபத்திலும் வாயிலிலும் போட்டால் பெயர் நிற்கும். அதோடு ரோமானிய ஆட்சிக்குப் பிறகு அண்டை நாட்டோடு தனிப்போர் செய்ய அனுமதி இல்லை, ஆகவே மதிலுக்கான தேவையே போய்விட்டது.

காசுப்பெட்டி

வரியையும் மறக்க வேண்டாம். வென்ற காலியாவின் மேல் சீசர் விதித்தது ஆண்டுக்கு 4 கோடி செஸ்டெர்ஸ் (ரோமானிய நாணயம்) என்கிறார் ரோமானிய எழுத்தாளர் சூடோனியஸ். கி.மு. 27இல் அகஸ்டஸ் மக்கள் கணக்கெடுப்பைத் தொடங்கினார், கி.மு. 12இல் ட்ரூசஸ் மறுபடி எடுத்தார். கணக்கு எடுக்க, வசூலிக்க ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு தலைமை ஊர் வேண்டும். அது சாலையில் இருக்க வேண்டும். சாலை மலையேறாது. முன்பு சுங்கத்தைப் பிரபு தன் பைக்குள் போட்டான், இப்போது அதே பிரபு ரோமுக்காக வசூலிக்கும் அலுவலர். அவன் இருக்க வேண்டிய இடம் மாறிவிட்டது.

யாழிசை

இங்கிலாந்தில் மெய்டன் காசில் என்ற மலைக்கோட்டையை ரோமானியர் படுகொலை செய்து பிடித்தார்கள் என்று படித்திருக்கிறேன். அதுவும் இதில் வருமா?

மண்ணடுக்கு

வரும். அதுவும் வீலரின் அகழாய்வுதான், 1934-37. கிழக்கு வாயிலில் ஒரு கல்லறைத் தொகுதி, ஒருவர் முதுகெலும்பில் பாய்ந்த ஆயுதமுனை, அதோடு கி.பி. 43இல் தொடங்கிய பிரிட்டன் படையெடுப்பில் தளபதி வெஸ்பாசியன் இருபதுக்கும் மேற்பட்ட கோட்டைகளைப் பிடித்தார் என்ற சூடோனியஸின் வரி. மூன்றையும் கோத்து ஒரு போர்நாளை வீலர் எழுதினார். 1985-86 மறு ஆய்வும் பின்வந்த ரேடியோகார்பன் தேதிகளும் அந்தக் கல்லறைகளை ஒரே நாளில் நிறுத்தவில்லை. பல பத்தாண்டுகளாக நடந்த புதைப்புகள், அவற்றில் வன்முறையால் இறந்தவர்களும் உண்டு, ஆனால் பலர் ரோமானியருக்கு முன்பே இறந்தவர்கள். கோட்டையின் உட்பகுதியும் அதற்கு ஏறத்தாழ நூறாண்டு முன்பிருந்தே ஆள் குறைந்து வந்தது.

பக்கத்து மாவட்டத்து டேன்பரியில் வாயில் எரிந்து ஊர் ஓய்ந்தது கி.மு. 100 அளவில். அப்போது பிரிட்டனில் ஒரு ரோமானியப் படைவீரனும் கால் வைக்கவில்லை. தாக்குதல் எங்குமே நடக்கவில்லை என்றும் சொல்ல மாட்டேன். ஹாட் ஹில்லில் ஒரு வட்டக் குடிசையைச் சுற்றியே ரோமானிய எறிபொறியின் அம்புமுனைகள் குவிந்து கிடந்தன, பிறகு கோட்டையின் ஒரு மூலையிலேயே ரோமானியப் படைமுகாம் கட்டப்பட்டது. சாட்சி இருக்கும் இடத்தில் போர், இல்லாத இடத்தில் வேறு காரணம்.

மதில்நோக்கி

மலையிலிருந்து இறங்கியது மட்டும்தான் விதி என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இறங்காமல் நிலைத்த ஊர்களைப் பார்த்தால் காரணம் இன்னும் துலங்கும். வெசோன்டியோ, இன்றைய பெசான்சோன், டூ ஆற்றின் வளைவுக்குள் உள்ளது. ஏற்கெனவே ஆற்றில் இருப்பதால் நகர வேண்டியிருக்கவில்லை. டூரோகோர்டோரம், இன்றைய ரேன்ஸ், சமநிலத்தில். ரெமி மக்கள் சீசரின் பக்கம் நின்றவர்கள், ஊர் வளர்ந்தது. நீம் அருகே நாஜ் மலையூர் மெலிந்து நெமாவ்சஸ் வளர்ந்தது. ஆனால் பக்கத்திலேயே அம்ப்ரூசம் டொமீஷியச் சாலையின் ஓரத்தில், விதூர்ல் ஆற்றுப் பாலத்துக்கு மேலே இருந்தது. மேலூர் கி.பி. 100 அளவு வரை இருந்தது, கீழே சாலையோர விடுதி அதற்குப் பிறகும் தொடர்ந்தது. வண்டிச்சக்கரம் அறுத்த தடம் அந்தக் கல்தெருவில் இன்றும் ஆழமாகத் தெரியும்.

ட்ரெவெரி நாட்டில் ஒரே மக்களின் இரண்டு கோட்டைகளை ஒப்பிடலாம். ஓட்சன்ஹவுசனில் வடக்கு மதில் இடிந்த பின்னும் 10 மீட்டர் உயரக் கற்குவியலாக நிற்கிறது, அவ்வளவு பலம். கி.மு. 1ஆம் நூற்றாண்டின் நடுவில் காலி. ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஹெர்மெஸ்கைலில் அதே காலத்து ரோமானியப் படைமுகாம், தரைக்கல் இடுக்கில் செருப்பாணிகளோடு. இங்கே படைதான் காரணம் என்று துணிந்து சொல்லலாம். லக்ஸம்பர்க்கின் டிடல்பெர்க் காசு அடித்த ஊர். அது போரைத் தாண்டியது, ரோமானியர் காலத்திலும் கைவினை ஊராகப் பல நூற்றாண்டு வாழ்ந்தது. ஆனால் தலைமை போய்விட்டது. ட்ரியரில் மோசெல் ஆற்றின் குறுக்கே முதல் மரப்பாலத்தின் தூண்கள் கி.மு. 18-17இல் வெட்டப்பட்டவை. தலைநகரம் அந்தப் பாலத்தடியில் வளர்ந்தது.

செங்கோடன்

ஓட்சன்ஹவுசன், ஆந்த்ரெமோன், உக்செல்லோடூனம் மூன்றையும் படைக்கணக்கில் விட்டுவிடுங்கள், மற்றதை ஏற்கிறேன். ஒன்று கேட்க வேண்டும். பிராட்டிஸ்லாவா எந்தப் பக்கம்? அது கிழக்கு வட்டம், ஆனால் கோட்டைக் குன்றில் ரோமானியக் கட்டடம் கிடைத்தது என்கிறார்களே.

வன்னிப்பார்வை

நல்ல கேள்வி. அங்கே போயி பிரபுக்கள் பியாடெக் என்ற பெயர் பொறித்த பெரிய வெள்ளிக்காசு அடித்தார்கள், இலத்தீன் எழுத்தில். குன்றின்மேல் ரோமானியக் கட்டடக் கலைஞர் கைவண்ணத்தில் சுண்ணக்கலவைத் தளம் போட்ட கட்டடங்கள். கி.மு. 1ஆம் நூற்றாண்டு, அந்த நிலம் ரோமின் ஆட்சிக்குள் வர வெகுகாலம் முன்பு. பிப்ராக்டேயில் நடந்தது இங்கேயும் தொடங்கியிருக்கிறது: பிரபு ரோமானிய வாழ்க்கையை விலைகொடுத்து வாங்குகிறான். வித்தியாசம் என்னவென்றால், ஈடுயிக்கு அதன் பிறகு இறங்கிப் போக ஓர் ஓதன் கிடைத்தது. போயிக்கு வந்தது புரெபிஸ்டாவின் படை. பிரபுக் குடும்பங்கள் சிதறியபின் அந்தக் காசைத் தொடர்ந்து அடிக்க ஆளில்லை.

தச்சன்மகள்

பிராட்டிஸ்லாவாவின் மதில் பழுது எந்தக் கட்டத்தில் நின்றது என்பதையும் இந்தக் காசு அடுக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வாயில் மரங்களின் தடங்களை அடுத்த பதிவில் வரிசையாக வைக்கிறேன், மான்ஷிங் கிழக்கு வாயிலோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.